அணைக்க முடியாத ஆரஞ்சு

ஒரு மனிதனைப் பற்றி ஊரே 'தங்கமான மனுஷன்' என்று சொல்கிறதென்றால், அவனுக்கு எங்கோ ஆப்பு சீவிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜப்பானின் ஹகாத்தாவில் இனோகுச்சி மசாயோஷியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மீன்சினைத் தொழிற்சாலையில் சொன்னார்கள். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் சொன்னார்கள். தென்ஜின் பக்கம் தரைக்குக் கீழே இருக்கும் பாட்டுக்கூடத்துக்கு ஞாயிறு மதியக் காட்சிக்கு வருகிறவர்களும் சொன்னார்கள். கடைசியில் கூடிப் பேசி ஆப்பை இறக்கியவர்கள் அந்தக் கூடத்துக்காரர்கள்தான்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முறிந்து, அந்த அம்மாள் குமாமோத்தோவுக்கே திரும்பிப் போய்விட்டாள். மிளகாய்க் கரைசலில் ஊறிய சினைப்பைகளைக் கிழியாமல் எடுத்துப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. கையுறை மாட்டினாலும் நகக்கண்ணில் அந்தச் செம்மஞ்சள் ஏறிவிடும்; எந்தச் சோப்புக்கும் மசியாது. பக்கத்து மேசையில் நிற்கும் தொக்கியே அம்மாள் வாரம் தவறாமல் அவரைச் சீண்டுவாள்.

"என்ன இனோகுச்சி, இந்த ஞாயிறும் அந்தப் புள்ளைங்க பாட்டுக்கா? ஒரு நல்ல பொண்ணாப் பாத்து மறுபடி கட்டிக்கலாம்ல?"

"கட்டிப் பாத்தாச்சுக்கா. அவ பாடவே மாட்டா."

"நீ வெளிச்சக் குச்சியத் தூக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சா எவதான் பாடுவா? ஒப்பாரி வேணா வைப்பா!"

அவர் சிரித்துக்கொள்வார். கோபம் என்பது அவருக்கு வராத சங்கதி. அதுதான் அவருடைய பெருமை, அதுவேதான் அவருடைய தரித்திரமும்.

அந்தப் 'புள்ளைங்க' குழுவுக்குப் பெயர் ஐந்து பட்டாணி. ஐந்து பெண்கள், ஆளுக்கு ஒரு நிறம். தலையில் கட்டும் ரிப்பனிலிருந்து காலணிக் கயிறு வரைக்கும் அந்த நிறம்தான். எந்தப் பெண்ணுக்காக வந்திருக்கிறோமோ அவள் நிறத்தில் ரசிகன் கையில் ஒளிக்குச்சி பிடிக்க வேண்டும். மேடையில் நிற்கிறவளுக்கு இருட்டில் முகங்கள் தெரியாது, நிறங்கள்தான் தெரியும். தன் நிறம் எவ்வளவு, பக்கத்தில் நிற்பவளின் நிறம் எவ்வளவு என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தப் பார்வையில் எத்தனையோ பெண்கள் உள்ளுக்குள் செத்துப் பிழைத்திருக்கிறார்கள்.

நாகிசாவுக்கு ஆரஞ்சு. அந்த நிறம் அவளுக்கு வந்ததே இனோகுச்சியால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டடத்தின் மாடியிலிருந்த சாப்பாட்டுக் கடைக்குச் சினைப் பெட்டி இறக்க வந்தார். நல்ல மழை. படிக்கட்டில் ஒரு பெண் நனைந்துகொண்டே நோட்டீஸ் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராத மனிதர், கீழே இறங்கினார். பத்துப் பதினைந்து பேர் கூட இல்லாத கூட்டம். இருந்தவர்களும் மற்ற நான்கு பெண்களுக்குத்தான் குச்சி ஆட்டினார்கள். ஓரத்தில் நின்ற நாகிசா, அன்றுதான் அவளுக்கு முதல் மேடை, சுருதி விலகி, அழுகை முட்ட, யாரையும் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தாள். இனோகுச்சியால் தாங்க முடியவில்லை. மேலே ஓடிப்போய் வேனில் ஆபத்துக்கு என்று வைத்திருந்த பையைப் பிரித்தார். வண்டி பழுதாகி நின்றால் சாலையில் போடுகிற ஒளிக்குச்சி ஒன்று இருந்தது. கொண்டுவந்து முறித்தார். ஆரஞ்சு வெளிச்சம் குபீரென்று வந்தது. அவள் அதைப் பார்த்தாள். மீதிப் பாட்டு முழுவதையும் அந்த ஒரு குச்சிக்கே பாடினாள்.

அடுத்த வாரம் மேலாளர் அவளுக்கு நிறம் ஒதுக்கக் கூப்பிட்டபோது, "ஆரஞ்சுதான் வேணும்" என்றாளாம். காட்சி முடிந்து ரசிகர்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் வரிசையில் அதை அவளே அவரிடம் சொன்னாள். "சினை அண்ணே, உங்க குச்சி நிறம்தான் என் நிறம்." அந்த ஒரு வாக்கியத்தின் மேல் மனிதர் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினார்.

குச்சி விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பேட்டரியில் எரியும் விளக்குகள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்த அழுத்த நிறம் மாறும். ஒரே விளக்கில் ஐந்து பெண்களுக்கும் ரசிகனாக இருந்துவிடலாம். இனோகுச்சி அதைத் தொடமாட்டார். "பொத்தான அமுக்கினா நிறம் மாறுதுன்னா அதுல என்னப்பா விசுவாசம் இருக்கு?" என்பார். அவருடையது முறித்து எரிக்கிற குச்சி, அதிலும் பளீரென்று எரியும் ரகம். ஒரு பாட்டு முடிவதற்குள் உயிரை விட்டுவிடும். எனவே எந்தப் பாட்டில், எந்த வரியில் முறிக்கிறோம் என்பது பெரிய விஷயம். குளிர்காலத்தில் குச்சி சில்லிட்டுப் போனால் மங்கலாக எரியும் என்று, காட்சி தொடங்கும் முன்பே அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு நிற்பார். காய்ச்சல் பார்க்கிற ஆள் போல அவர் நிற்கும் கோலத்தைக் கண்டு புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

இந்தக் குச்சிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளக்கியவன் உமேதானி கோஹேய். முப்பது வயதுப் பையன். செல்போன் திரைக்கு ஒளி தரும் பொடிகளைச் சுத்தம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவனும் நாகிசாவின் ஆள்தான். நான்கு வருஷமாக இனோகுச்சிக்கு இடது தோள் பக்கம் நிற்பவன். காட்சி முடிந்ததும் இருவரும் ஆற்றங்கரைத் தள்ளுவண்டிக் கடையில் போய் உட்கார்ந்து நூடுல்ஸ் சூப்பு உறிஞ்சுவார்கள்.

"உள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குழா இருக்குண்ணே. நீங்க வளைச்சா அது ஒடையுது. அதுல இருக்கிற மருந்தும் வெளிய இருக்கிற எண்ணெயும் கலந்து சக்தி பொறக்குது. ஆனா அதுல வெளிச்சம் கிடையாது."

"அப்ப வெளிச்சம் எங்கேர்ந்துடா வருது?"

"கூடவே ஒரு சிட்டிகை சாயம் போட்டிருக்கான்ல, அது அந்த சக்திய வாங்கி வெளிச்சமா துப்புது. எங்க ஆபீஸ்ல நாங்க செய்யிறதும் இதே வம்சம்தான். அங்க கரண்ட்ட ஊட்டறோம், இங்க மருந்த ஊட்டறாங்க. பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாத்துக்கும் மருந்து, எண்ணெய் ஒண்ணுதாண்ணே. சாயத்த மட்டும் மாத்தினா நிறம் மாறிடும்."

"ஒரு சிட்டிகைதானா?"

"ஒரு சிட்டிகைதான்."

இனோகுச்சி அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, தன் சூப்பிலிருந்த பன்றிக்கறித் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அது.

போன இலையுதிர்காலத்தில் குழுவில் ஒரு மாற்றம் வந்தது. நீல நிறக்காரி சாயோ, நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று மேடையை விட்டாள். ஐந்து பேரில் அவளுக்குத்தான் ஆள்பலம் அதிகம். அவள் போனதும் நீலக்காரர்கள் தாயில்லாப் பிள்ளைகள் போலக் கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். இனோகுச்சிக்குப் பாவமாக இருந்தது. அவர்களில் மூத்தவனான ஹிதாகா, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கும் முரட்டு ஆள், ஒரு நாள் அழுதேவிட்டான்.

"எதுக்குங்க வரணும்னே தெரியல. கால் தானா இங்க வந்துடுது."

"வந்த கால் வந்ததாவே இருக்கட்டும்யா. நாகிசா பக்கம் இடம் கிடக்கு. எங்களோட நில்லுங்க" என்று தன் பையிலிருந்த ஆரஞ்சுக் குச்சிகளை எடுத்து அவர்கள் கையில் திணித்தார். உள்ளே கூட்டிவந்து முன்வரிசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பாட்டுக்கு நடுவில் எங்கே கத்த வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை நமக்கெல்லாம் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. தங்கமான மனுஷனுக்குப் பழமொழிகள் உதவாது.

ஜனவரியில் நாகிசாவின் பிறந்தநாள். இந்த மாதிரிக் கூடங்களில் பிறந்தநாள் விழா என்பது ரசிகர்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்வது. வாசலில் பூ ஸ்டாண்டு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அவள் தனியாகப் பாடும் பாட்டில் கூடம் முழுக்க ஒரே நிறமாக எரிய வேண்டும். அந்த ஒரு பாட்டுக்கு மற்றப் பெண்களின் ஆட்களும் தங்கள் நிறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் நிறத்தைத் தூக்குவார்கள். அதற்கான குச்சிகளை வாசலிலேயே ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். போன வருஷங்களில் கூட்டமும் குறைவு, மற்றவர்களும் முணுமுணுப்பார்கள். பாதிக் கூடத்துக்கு மேல் ஆரஞ்சு எரிந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை வெளிச்சத்துக்குப் பாடிய பெண் கண் நிறைய ஆரஞ்சைப் பார்க்க வேண்டும். இனோகுச்சிக்கு வாழ்க்கையில் அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. இதைச் சிறு ஆசை என்று நினைக்கிறவர்கள், தங்கள் ஆசையை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த முறை எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தது. பச்சைக்காரர்களிடம் போய்க் கேட்டார். "சரிண்ணே, செஞ்சிடலாம்." மஞ்சள்காரர்களிடம் கேட்டார். "நீங்க சொன்னா மறுப்பு உண்டாண்ணே." வழக்கமாக ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை போடுகிறவர்கள், அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்கள். தள்ளுவண்டிக் கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்று, பிறகு பருவநிலையைப் பற்றித் தொடங்கும். 'எனக்கும் ஏதோ மரியாதை செய்யப் போகிறார்கள் போலிருக்கிறது' என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவர் பட்ட வெட்கம், மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

குச்சிப் பெட்டிகளை வாங்கி உமேதானியிடம் ஒப்படைத்தார்.

"என் ரூம்ல ஹீட்டர் ஓடிட்டே இருக்கும்ணே. குச்சி சில்லிடாம இருக்கும். வாசல்ல குடுக்கிறத நான் பாத்துக்கிறேன். நீங்க பூ ஸ்டாண்டப் பாருங்க" என்றான் அவன்.

"நீ இல்லன்னா எனக்கு யாருடா இருக்கா?" என்றார் இனோகுச்சி. உமேதானி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவர் பூ ஸ்டாண்டோடு மல்லுக்கட்டினார். ஆரஞ்சு நிற ஜெர்பராப் பூக்கள், நடுவில் கமலா ஆரஞ்சுப் பழங்களை இலையோடு கம்பியில் கோத்து, உச்சியில் 'நாகிசாவுக்கு' என்று அட்டை. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஹிதாகா பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றான். சொல்லிவிட்டு ஏனோ அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

கூடம் நிரம்பி வழிந்தது. குச்சிகள் வெள்ளிநிறத் தாளில் சுற்றி இருப்பதால் பிரிக்கும்வரை எது எந்த நிறம் என்று தெரியாது. பிரித்தாலும் வெள்ளைக் குழாய்தான். அவர் தன் பங்குக்குத் தனியாக வாங்கி வைத்திருந்த ஒரு கட்டு குச்சிகளை அக்குளிலும் சட்டைக்குள்ளும் வைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில் நின்றார். இடது தோள் பக்கம் உமேதானி இல்லை. வாசலில் வேலையாக இருப்பான் என்று நினைத்தார்.

மேடை இருண்டது. அவளுடைய தனிப்பாட்டின் முதல் சுரம் வந்ததும் கூடம் முழுக்கக் கண்ணாடி முறியும் சத்தம் சடசடவென்று கேட்டது. இனோகுச்சியும் முறித்து, கையைத் தூக்கினார்.

கூடம் நீலமாக இருந்தது.

முன்னாலும் பின்னாலும் நீலம், மேல்மாடத்திலும் நீலம். நடுவில் அவர் கையில் ஒற்றை ஆரஞ்சு.

அவருக்கு முதலில் தோன்றியது இதுதான்: உமேதானி பெட்டியை மாற்றிவிட்டான். சாயோவின் கடைசிக் காட்சிக்கு வாங்கிய நீலப் பெட்டிகள் அவன் அறையில் மிச்சம் கிடந்தன, அதை எடுத்து வந்துவிட்டான். ஐயோ, பையன் என்ன காரியம் செய்துவிட்டான், அவள் பிறந்தநாள் பாழாகிறதே! துரோகம் என்ற எண்ணம் அவருக்கு எட்டவே இல்லை. தவறைச் சரிசெய்யத்தான் கை பரபரத்தது. சட்டைக்குள்ளிருந்த கட்டை உருவி, வரிசைக்கு நடுவே புகுந்து, ஒவ்வொருவர் கையிலும் திணிக்கப் பார்த்தார்.

"இந்தாங்க, ஆரஞ்சு, ஆரஞ்சுதாங்க! மாத்திக் குடுத்துட்டாங்க. நீலத்த எறக்குங்க, இதப் புடிங்க, சீக்கிரம், பாட்டு முடிஞ்சிடும்!"

யாரும் வாங்கவில்லை. பச்சைக்காரன் ஒருவன் குனிந்து தன் காலணியைப் பார்த்தான். ஹிதாகா அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, வேணாம். விட்டுடுங்க."

"என்னய்யா விடறது? அவ பாக்கிறா பாரு! பயந்து போயிருப்பா!"

ஹிதாகாவின் கையை உதறிவிட்டு, இருந்த குச்சிகள் எல்லாவற்றையும் இரண்டு கைகளிலும் அள்ளி ஒன்றாக வளைத்து முறித்தார். இரண்டு முஷ்டிகளிலும் ஆரஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் தவறினாலும் நான் தவறவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

பாட்டின் நடுவில் இசை மட்டும் ஓடும் இடம் வந்தது. நாகிசா மைக்கைப் பிடித்தாள். அவள் பயந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். மேல் அங்கியைக் கழற்றிப் போட்டாள். உள்ளே நீலப் பாவாடை, நீல ரிப்பன்.

"இன்னையிலேர்ந்து நான் நீலம்! எல்லாருக்கும் தெரியும்தான். இத்தனை நாள் வெளிய விடாம ரகசியமா வச்சிருந்தீங்க, ரொம்ப ரொம்ப நன்றி! இந்தக் கடல் நான் கனவுலகூடப் பாத்ததில்ல. இப்ப நம்ம புதுத் தங்கச்சி, ஆரஞ்சு ஷிஹோ!"

பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆரஞ்சு ரிப்பன் கட்டி மேடைக்கு வந்தாள். நாகிசா அவள் தோளில் கைபோட்டு, கூட்டத்துக்கு நடுவே எரிந்த இரண்டு முஷ்டிகளையும் விரலால் காட்டினாள்.

"பாரு ஷிஹோ, வந்த அன்னைக்கே உனக்கு ஆள் புடிச்சாச்சு! கெட்டிக்காரி!"

கூடம் கொல்லென்று சிரித்தது. கைதட்டல் வேறு.

எல்லாருக்கும் தெரியும் என்று அவள் சொன்னதுதான் இனோகுச்சியின் காதில் நின்றது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் தெரியும். அவர் இடம் கொடுத்த நீலத்துக்குத் தெரியும். பன்றிக்கறித் துண்டு வாங்கித் தின்றவனுக்குத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. கையை இறக்கினார். இறக்கினாலும் வெளிச்சம் போகவில்லை. பேட்டரி விளக்காக இருந்தால் பொத்தானை அழுத்தி அணைத்திருக்கலாம். இந்தக் குச்சியை முறித்துவிட்டால் அதுவாகச் சாகும்வரை யாராலும் அணைக்க முடியாது. சட்டைக்குள் போட்டு மறைத்தார். சட்டை வழியே நெஞ்சு ஆரஞ்சாக எரிந்தது. சுற்றி நின்றவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். வெளியே போக வழியில்லாத நெரிசல். நெஞ்சில் வெளிச்சத்தோடு அந்தப் பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். பளீரென்ற ரகம், ஒரு பாட்டுக்குள் செத்துவிடும் என்று அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது சாகவே இல்லை போலிருந்தது.

காட்சி முடிந்து படிக்கட்டடியில் உமேதானியைப் பிடித்தார். அவன் ஓடவில்லை, அதுவரைக்கும் நல்லது.

"எப்பேர்ந்துடா?"

"நவம்பர்லேர்ந்துண்ணே. மேலாளர் கூப்பிட்டுச் சொன்னாரு. சாயோ ஆளுங்க அத்தனை பேரும் வெளிய போயிடக் கூடாது, நாகிசாவ நீலமாக்கினா ரெண்டு கூட்டமும் அவளுக்கே நிக்கும்னு. புதுப் பொண்ணு மேடையில வெறுமையா நிக்கக் கூடாதுன்னு ஆரஞ்ச அவளுக்குத் தள்ளிட்டாங்க. நாகிசான்னாலே கடற்கரைதானே, அதுக்கு நீலம்தான் பொருத்தம்னு ஒரு சமாதானம் வேற."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க. நீங்க வரலன்னா பூ ஸ்டாண்டு யாரு கட்டுவா? பச்சை மஞ்சள்கிட்ட யாரு பேசுவா? நீங்க கேட்டாத்தாண்ணே அவங்க ஒத்துக்குவாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "உங்களுக்கும் கூட்டத்தோட ஒரு நீலக் குச்சி குடுத்துடலாம்னுதான் இருந்தேன். வாசல்ல உங்க பக்கத்துல வர கால் வரல. கோவிக்காதீங்க. நீங்க வாங்கின ஆரஞ்சுப் பெட்டி பத்திரமா இருக்கு, வீணாகாது. அடுத்த வாரம் ஷிஹோவுக்குக் குடுத்துடலாம். சாயம்தானேண்ணே மாறிச்சு? உள்ள இருக்கிறது அதே நாகிசாதானே?"

இனோகுச்சி அவன் முகத்தையே பார்த்தார். அறைய வேண்டும் என்று கை துடித்தது. அவர் வாழ்க்கையில் கை அப்படித் துடித்தது அதுதான் முதல் தடவை; என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாயத்துலதாண்டா வெளிச்சம்னு நீதானே சொன்ன" என்றார்.

படம் எடுக்கும் வரிசை நீண்டு கிடந்தது. முழுக்க நீலம். போயிருக்க வேண்டியதில்லை. போனார். அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் மாடிப்படி ஏறக் கால் மறுத்தது. அவர் முறை வந்ததும் நாகிசா முகம் ஒரு கணம் வாடி, பிறகு சட்டென்று மலர்ந்தது.

"சினை அண்ணே! கோவமா?"

"நீ கேட்டியா, இல்ல அவங்களா மாத்தினாங்களா?"

"அவங்கதான் கேட்டாங்க. நான் சரின்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். நீங்க அக்குள்ல குச்சிய வச்சுக்கிட்டு சிரிச்ச முகமா நிப்பீங்க. எப்படிண்ணே சொல்றது?"

"அதுக்குத்தான் மேடையில வச்சுச் சிரிச்சியா?"

"கூட்டமே உங்களத் திரும்பிப் பாத்துச்சு. காட்சி நின்னு போயிடுமோன்னு வெலவெலத்துப் போச்சு. ஏதாச்சும் சொல்லியாகணும்ல? நீங்கன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு..." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எனக்காக ஒண்ணு செய்வீங்களா? ஷிஹோவுக்கு ஒரு ஆள்கூட இல்ல. அன்னைக்கு நான் நின்ன மாதிரியே நிக்கிறா. நீங்க எப்படியும் ஆரஞ்சுதானே. அவளுக்கு நில்லுங்களேன்."

வீட்டை விற்கிறவர்கள் நாயையும் சேர்த்துப் புதுச் சொந்தக்காரரிடம் விட்டுப் போவார்களே, அதுபோல் இருந்தது.

"நான் ஆரஞ்சுக்கா நின்னேன்?" என்றார் இனோகுச்சி.

அதற்குள் படம் எடுக்கிற பெண், "ரெண்டு பேரும் இங்க பாருங்க! அடுத்த ஆள் தயாரா இருங்க!" என்றாள். நாகிசாவின் கை பழக்கத்தில் மேலே எழுந்து பாதி இதயமாக வளைந்தது. மறுபாதியை அவர் கை முடிக்க வேண்டும். ஆறு வருஷமாக முடித்த கை. அன்றைக்கு அது பையை விட்டு வெளியே வரவில்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம். கேமரா உடனே துப்பிய, படம் இன்னும் தெளியாமல் வெள்ளையாக இருந்த அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

படியேறித் தெருவுக்கு வந்தபோது நல்ல பகல். குளிர்கால வெயிலில் அட்டையில் படம் மெல்லத் துலங்கியது. நீலப் பாவாடை, அந்தரத்தில் பாதி இதயம், பக்கத்தில் கை இல்லாதவன் போல ஒரு மனிதன். அவள் கண் கேமராவில் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால், வரிசையில் அடுத்து நின்ற நீலத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

வழக்கம்போலச் சட்டைப் பையில் வைக்கப் போனார். சட்டைக்குள் செத்த குச்சிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. வாசலில் அவர் கட்டிய பூ ஸ்டாண்டு கம்பீரமாக நின்றது. படத்தைக் கொண்டுபோய் 'நாகிசாவுக்கு' என்ற அட்டையின் அடியில் செருகினார். கம்பியிலிருந்து கமலா ஆரஞ்சு ஒன்றைத் திருகிப் பறித்தார். அவர் வாங்கிக் கோத்த பழம்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உரித்துக்கொண்டே நடந்தார். நகக்கண்ணில் இருந்த மிளகாய் பட்ட சுளை நாக்கில் எரிந்தது. கண்ணில் ஏன் தண்ணீர் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் காரத்தைத்தான் சொல்லியிருப்பார். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் கூடவே நடந்து வந்தவர்கள் எல்லோரும் கீழே வரிசையில் நின்றார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை.